கவிழ்த்து வைத்த கூடை

காத்திவாக்கத்தில் மகளுக்கு வலி கண்டுவிட்டது என்று போன் வந்ததும் சிலுவையம்மாள் போட்டது போட்டபடி எழுந்துவிட்டாள். அருவாமணையைக் கழுவக்கூட நிற்கவில்லை. பக்கத்து இடத்தில் கவலை மீனைக் கூறு கட்டிக்கொண்டிருந்த சுகிர்தத்திடம், "அக்கா, எடத்தப் பாத்துக்கோ. எப்ப திரும்புவேனோ தெர்ல. சங்கத்து சேதி எதுனா வந்தா எம் பொண்ணு பாப்பா நம்பருக்குப் போனப் போடு" என்று சொல்லிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஷேர் ஆட்டோவுக்கு ஓடினாள்.

சுகிர்தம் தலையை மட்டும் ஆட்டினாள். ஓரகத்தியின்மேல் அவளுக்கு அன்றைக்கு அத்தனை காண்டு. இருந்தாலும் வழக்கத்தை விட முடியுமா? எழுந்துபோய்ச் சிலுவையின் கூடையைக் கழுவி, அவள் உட்காரும் இடத்தில் கவிழ்த்து வைத்தாள்.

காசிமேட்டில் ஏலக்கூடத்துச் சுவரை ஒட்டி உட்கார்ந்து மீன் விற்கிற பெண்களிடம் அப்படி ஒரு வழக்கம். பிள்ளைப்பேறோ, காய்ச்சலோ, சாவோ, ஒருத்தி வர முடியாமல் போனால் பக்கத்தில் இருப்பவள் அவளுடைய இடத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்து வைப்பாள். கவிழ்ந்த கூடை இருக்கிற இடத்தில் எவளும் உட்கார மாட்டாள். மழையில் ஒதுங்க வந்தவன்கூட அதைத் தள்ளி வைக்கமாட்டான். போனவள் திரும்பி வந்ததும் தன் கையால் கூடையை நிமிர்த்தி, அன்றைக்குக் கொண்டுவந்த மீனில் முதல் கைப்பிடியை எடுத்துக் கூடை வைத்தவளுக்குக் கொடுக்க வேண்டும். அந்த மீனை விற்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும். அந்தப் பெண்களின் சங்கத்தில் இன்னார் இருக்கிறார், இன்னார் இல்லை என்பதற்கு அந்த வரிசையில் அதற்குமேல் அத்தாட்சி எதுவும் கிடையாது. மிச்சமெல்லாம் தலைவி குப்பம்மாவின் மண்டைக்குள் இருந்தது.

காண்டுக்குக் காரணம் ஒன்றும் பெரிய விஷயமில்லை. விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிற தடைக்காலம் அது. கட்டுமரமும் பைபர் போட்டும் கொண்டுவருகிற கொஞ்சநஞ்ச மீனுக்கு ஏலத்தில் அடிதடி. சுகிர்தம் ஐசில் கிடந்த சங்கராவை எடுத்து, தண்ணீர் தெளித்து, பரப்பி வைத்திருந்தாள். வண்ணாரப்பேட்டையில் மெஸ் நடத்துகிற ஜஹானாரா வந்து நின்றாள். வருஷக்கணக்காகச் சுகிர்தத்திடமே வாங்குகிறவள்.

"இன்னிக்கி மீனா சுகிர்தம்?"

"பின்ன? செவுளத் தூக்கிப் பாரு பாயம்மா, எப்டி செவப்பா கீது."

ஜஹானாரா செவுளைப் பார்க்கவில்லை. சிலுவையின் முகத்தைப் பார்த்தாள். சிலுவைக்கு அப்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பிறவி அப்படி, நாக்கில் பொய் தங்காது.

"ஐசு மீனு பாயம்மா. நாளைக்கி வா, எங்கக்கா நல்ல மீனா எடுத்து வெக்கும்" என்றாள்.

வரிசை முழுக்கச் சிரித்தது. சுகிர்தமும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு அவள் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மறுநாள்தான் காத்திவாக்கத்திலிருந்து போன் வந்து சிலுவை கிளம்பியது.

அவள் போன அந்த வாரத்திலேயே தேவப்பிரியம் செல்போனோடு வந்தாள். வலை கட்டுகிறவர் மகள். பி.காம். படித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்த பெண்ணைச் சங்கமே ஆபீஸ் வேலைக்கு வைத்துக்கொண்டது. வரிசைக்கு நடுவில் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, ஆயா, எல்லாரும் கேளுங்க. இனிமே சங்கத்துல யாரு மெம்பர்னு இந்த ஆப்தான் சொல்லும். மார்க்கெட்டுக்குக் கட்டற புது ஷெட்டு முடிஞ்சதும் எடம் குடுக்கறது, ஓட்டுப் போடறது, எல்லாமே இதுலதான். போன் நம்பரச் சொல்லி மூஞ்சக் காட்டணும், அவ்ளோதான்."

"மூஞ்ச எதுக்குடி காட்டணும்? என் மூஞ்ச இந்தத் துறமொகத்துல தெரியாதவன் எவன்?" என்றாள் குப்பம்மா.

"உங்களத் தெரியும் ஆயா. போனுக்குத் தெரியாதே."

போன் பேசியது. நேராகப் பார்க்கவும். கண்ணைச் சிமிட்டவும். யாரோ படித்த பெண் குரலில் அது அப்படிச் சொன்னதும் வரிசை கொல்லென்று சிரித்தது. "இந்த வயசுல கண்ணடிக்கச் சொல்லுது பாரு" என்று ஒருத்தி. "எம் புருசனாண்டகூட நான் கண்ணடிச்சதில்ல, இதாண்ட அடிக்கணுமாம்" என்று குப்பம்மா சொல்லி, அடித்தும் காட்டினாள். போன் அவளை ஏற்றுக்கொண்டு டிங் என்றது. பொட்டு அழிந்தவள் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். செதில் ஒட்டியிருந்த கன்னத்தை ஒருத்தி ஐஸ் தண்ணீரில் கழுவிக்கொண்டாள். மீன் இல்லாத தடைக்காலத்தில் அவர்களுக்கு அது ஒரு திருவிழாவாகவே இருந்தது.

சுகிர்தமும் நேராகப் பார்த்தாள், கண்ணைச் சிமிட்டினாள், டிங் வாங்கினாள். தேவப்பிரியம் பக்கத்து இடத்தைப் பார்த்தாள்.

"இந்தக் கூட யாரோடது?"

"சிலுவையோடது. பொண்ணு வூட்டுக்குப் போயிகீறா."

"அவங்க நம்பர் எதுனா இருக்காக்கா? நம்பர் மட்டும் போட்டு வெச்சிட்டா, வந்தப்புறம் மூஞ்ச காட்டிக்கலாம்."

பாப்பா நம்பர் சுகிர்தத்தின் போனிலேயே இருந்தது. இரண்டு தட்டு தட்டினால் வந்துவிடும். போன் கையில்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஜஹானாரா வரிசையின் கடைசியில், வேறு ஒருத்தியின் கூடை முன்னால் குனிந்து நின்றது அவள் கண்ணில் பட்டது.

"நம்பரு இன்னா நம்பரு. அவ எங்கூடத்தான் விக்கிறா" என்றாள் சுகிர்தம்.

"உங்க கூடன்னா? தனி வியாபாரமா, உங்களுக்கு ஒத்தாசையா?"

"ஒத்தாசதான்."

"அப்போ உங்க பேருக்குக் கீழ உதவியாள்னு போட்றேன்."

"போடு."

இவ்வளவுதான் நடந்தது. கூடையைத் தள்ளவில்லை, யாரையும் கொண்டுவந்து உட்கார வைக்கவில்லை. கவிழ்ந்த கூடை கவிழ்ந்தபடியே இருந்தது. அதற்குக் கீழே இருந்த இடம்தான் போய்விட்டது.

வீட்டுக்கு நடக்கும்போதே சுகிர்தத்துக்கு நெஞ்சு குறுகுறுத்தது. ஒத்தாசையாம். யாருக்கு யார் ஒத்தாசை? சிலுவையின் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். அன்றிலிருந்து அவள் யாரிடமும் ஒரு வாய் சோறு கேட்டதில்லை. அவனுடைய அண்ணன் பர்னபாஸ், சுகிர்தத்தின் புருஷன், படகில் வலை இழுக்கிற வின்ச்சில் கால் நசுங்கிப் படுத்தபோது சுகிர்தம் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தாள். அப்போது வீட்டின் இரண்டு அடுப்பும் எரிந்தது சிலுவையின் கூடையால்தான். இதெல்லாம் சுகிர்தத்துக்குத் தெரியாததா? நாளைக்குப் போய் மாற்றச் சொல்லிக்கொள்ளலாம் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். மறுநாள் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. தேவப்பிரியத்தைப் பார்த்தால் சுகிர்தம் டீக்கடைப் பக்கம் ஒதுங்கினாள்.

தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்கு இறங்கிய பின்னால் சிலுவை திரும்பி வந்தாள். பேரன் பிறந்த சந்தோஷத்தில் முகம் பூரித்திருந்தது. சேலையெல்லாம் எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல். "அங்க துணிய வெளிய காயப்போட முடில அக்கா, கொழந்தைக்குப் போர்த்தின துணிகூட மங்கலாப் பூடுது" என்று உதறிக்கொண்டே வந்தவள், இடத்தையும் கவிழ்ந்த கூடையையும் பார்த்ததும் நின்றாள். குனிந்து கூடையை நிமிர்த்தினாள். கையோடு கொண்டுவந்த பையிலிருந்து, முகத்துவாரத்தில் பிடித்த இறாலை இரண்டு கையிலும் அள்ளிச் சுகிர்தத்தின் மடியில் போட்டாள்.

"பாப்பா வூட்டுக்காரன் வெடியாலயே கழியில எறங்கித் தடவிப் புட்ச்சது. உனுக்குன்னு எட்த்து வெச்சேன்."

சுகிர்தத்தின் மடி நனைந்தது. துள்ளிக்கொண்டிருந்த இறாலைப் பார்த்துக்கொண்டே, "எதுக்குடி இவ்ளோ" என்றாள்.

சாயங்காலம் அதைக் குழம்பு வைத்தாள். வழக்கமாயிற்றே, வைக்காமல் இருக்க முடியாது. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடு. நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் தடுப்பு. இந்தப் பக்கம் வெங்காயம் வதங்கினால் அந்தப் பக்கம் மூக்குக்குத் தெரியும். பர்னபாஸ் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து வலைக்கு ஈயக் குண்டு கோத்துக்கொண்டிருந்தார். சுகிர்தம் மாங்காய்க் கீற்றைப் போட்டுக் கொதிக்கவிட்டதும் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சிலுவையின் குரல் வந்தது.

"அக்கா, மாங்கா போட்டியா? வாசன இஸ்துகினு போவுது."

"ஒரு கிண்ணம் எட்த்தாரேன்."

"அய்ய, வாணாம். கூட வெச்சவதான் துன்னணும். நான் துன்னா அது இன்னா மொற?" கொஞ்ச நேரம் பாத்திரம் தேய்க்கிற சத்தம். அப்புறம், "ஆமா, குப்பம்மாக்கா சொல்ச்சே, போன்ல எல்லாரையும் ஏத்திட்டாங்களாமே. என்னியும் ஏத்திட்டியா?"

கரண்டி குழம்புக்குள் நின்றது.

"ஏத்திட்டேன்" என்றாள் சுகிர்தம்.

"அதான பாத்தேன். நீ கீற சொல்ல எனுக்கு இன்னா கவல."

அன்றைக்குச் சாப்பிட்ட இறால் குழம்பு எப்படி இருந்தது என்று கேட்டால் சுகிர்தத்தால் சொல்ல முடியாது. பர்னபாஸ் சட்டியை வழித்துத் தின்றார். அவள் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். பொய் சொல்லவில்லை, ஏற்றித்தானே இருக்கிறது என்று உள்ளே ஒரு குரல் வக்கீல் மாதிரி வாதாடியது. அந்தக் குரலை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அதற்குமேல் சிலுவை செய்தது ஒவ்வொன்றும் அவளுக்கு வதை. ஏலத்தில் நல்ல வஞ்சிரம் எடுத்தால், "அக்கா, பாதி நீ எட்த்துக்கோ" என்பாள். ஜஹானாராவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து, "எங்கக்காவாண்ட வாங்கு பாயம்மா, இன்னிக்கி அதுகிட்டதான் மீனு சோக்கா கீது" என்று நிறுத்தினாள். அன்றைக்கு மீன் நன்றாகத்தான் இருந்தது, அதனால் சொன்னாள். ஐஸ் மீனாக இருந்தால் அதையும் சொல்லியிருப்பாள். சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று சுகிர்தம் பலமுறை வாயைத் திறந்தாள். திறந்த வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

புது ஷெட்டுக்கு இடம் பிரிக்கிற கூட்டம் மாதா கோயில் பக்கத்துக் கூடத்தில் நடந்தது. ஆடிக் காற்று கதவை அடித்துக்கொண்டே இருந்தது. பெண்கள் பாயில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். தேவப்பிரியம் தன் போனில் ஒரு தட்டு தட்டினால் எதிரே ஒருத்தியின் மடியில் டிங் என்று சத்தம் வரும். அதில் அவளுடைய இட எண் இருக்கும். சத்தம் வந்தவள் ஏதோ பரிசு விழுந்தது போல எழுந்து காட்டுவாள். சுகிர்தத்தின் போனும் டிங் என்றது. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து இடம், எல்லாரும் ஆசைப்பட்ட இடம். அவள் எழுந்திருக்கவில்லை.

சிலுவை மகளின் பழைய போனை அதே நம்பரோடு வாங்கி வந்திருந்தாள். அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எல்லாருக்கும் வந்து முடிந்தது.

"கண்ணு, எனுக்கு இன்னும் அடிக்கல. இந்தப் போனு கெட்டுப் பூச்சா பாரு" என்றாள்.

தேவப்பிரியம் தேடினாள். "சிலுவையம்மாள்... நீங்க தனி மெம்பர் இல்லியேக்கா. சுகிர்தம் அக்காவோட உதவியாள்னு இருக்கு. உதவியாளுக்கு எடம் வராது."

குப்பம்மா எழுந்தாள்.

"இன்னாடி பேசற? சிலுவ உதவியாளா? அவ கூட தூக்க சொல்ல நீ பொறந்தியாடி?"

"நானாப் போடல ஆயா. கேட்டுத்தான் போட்டேன்." அந்தப் பெண் திரும்பிச் சுகிர்தத்தைப் பார்த்தாள். "நீங்கதானேக்கா சொன்னீங்க?"

இப்போது எல்லார் கண்ணும் சுகிர்தத்தின்மேல். ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் வேண்டாம். கோபத்தில் சொல்லிவிட்டேன் என்றால் நாலு பேர் திட்டுவார்கள், நாலு நாளில் மறந்துவிடுவார்கள். சுகிர்தத்துக்கு இது தெரியும். தெரிந்தும் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"நான் இன்னாடி சொன்னேன்? எங்கூட குந்தறான்னு சொன்னேன். போன்ல நீ இன்னாத்தத் தட்டினியோ."

அவ்வளவுதான், கூடம் தேவப்பிரியத்தின்மேல் பாய்ந்தது. படித்த திமிர் என்றார்கள். வயிற்றில் அடிக்கிறாள் என்றார்கள். வேறு ஆளைப் பார்க்கவேண்டியதுதான் என்றாள் குப்பம்மா. அந்தப் பெண் போனை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். அழுகையோடே, "மாத்திடலாம் ஆயா, சனிக்கிழமைதான் லிஸ்ட்டு பூட்டுவாங்க. சுகிர்தம் அக்கா ஒரு தபா மூஞ்சக் காட்டி ஒத்துக்கினா பேரப் பிரிச்சிடும், அப்பறம் சிலுவக்கா மூஞ்சக் காட்டினா போதும்" என்றாள்.

"அப்போ முட்ஞ்சிபோச்சி. சுகிர்தம், வந்து காட்டு" என்றாள் குப்பம்மா.

சுகிர்தம் எழுந்தாள். தப்பித்தோம் என்றுதான் எழுந்தாள். அப்போது சிலுவை பேசினாள். குரல் உயரவில்லை.

"வாணாம் குப்பம்மாக்கா. தப்பு போனுதுன்னா இந்தப் பொண்ணுக்குச் சோறு போவும். எங்கக்காதுன்னா எங்கக்கா சொல்லட்டும். எதுன்னு தெரியாம நான் என் மூஞ்சக் காட்ட மாட்டேன்."

"அடியே, எடம் பூடும்டி."

"போட்டும்."

அவள் சுகிர்தத்தை ஒரு தரம் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை. செவுளைத் தூக்கி மீனைப் பார்க்கிற பார்வை. பிறகு மகளின் போனை முந்தானையில் முடிந்துகொண்டு, பாயில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி வெளியே போய்விட்டாள். சுகிர்தம் நின்ற இடத்திலேயே நின்றாள். அந்தக் கூடத்தில் ஒத்துக்கொள்ள அது இரண்டாவது சந்தர்ப்பம். அதையும் விட்டாள்.

மறுநாள் விடியலில் தடுப்புக்கு அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எந்த நாளும், "அக்கா, கெளம்பிட்டியா?" என்று தடுப்பில் தட்டிவிட்டுப் போகிறவள். அன்றைக்குத் தட்டவில்லை. சுகிர்தம் பாயிலேயே கிடந்தாள். மார்க்கெட்டுக்குப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. தெருக் குழாய்க்குப் போனால், ஊர் வம்பு பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். இவளைப் பற்றித்தான் பேசினார்களோ என்னவோ, யார் கண்டது? அவளுக்கு அப்படித்தான் இருந்தது. தேவப்பிரியத்தின் அப்பா எதிரே வந்தார். "பொண்ணு ரெண்டு நாளா துன்னாம கீது. பழகட்டும், தப்பு பண்ணித்தான கத்துக்கணும்" என்று இவளிடமே வருத்தப்பட்டுக்கொண்டு போனார். சுகிர்தம் பாதிக் குடத்தோடு வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள்.

பர்னபாஸ் ஈயம் கோப்பதை நிறுத்தினார்.

"இன்னாமே, ஒடம்பு சொகமில்லியா?"

"ஒண்ணியும் இல்ல."

"ஒண்ணியும் இல்லாதவ எதுக்கு ஏவாரத்த வுட்டுட்டு வூட்ல குந்திகினு கீற?"

சுகிர்தம் குடத்தை இறக்கி வைத்தாள். தடுப்பைப் பார்த்தாள். அந்தப் பக்கம் ஆள் இல்லை. அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். ஐஸ் மீனில் தொடங்கி, ஒத்தாசை வரைக்கும், அப்புறம் கூடத்தில் சொன்ன பொய் வரைக்கும். அவர் ஈயத்தைக் கீழே வைத்தார். நசுங்கிய காலைக் கையால் தூக்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

"நான் படுத்துகினு கெடக்க சொல்ல அந்தப் பொண்ணு வெச்ச சோத்தத் துன்னுதான இந்தக் காலு ஊனிச்சி."

"தெரியும்யா."

"தெரிஞ்சா அவளாண்ட போய்ச் சொல்லு. எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற?"

"அவளாண்ட சொன்னாப் போதாது. அந்தப் பொண்ணத் திட்டினவளுங்க அத்தினி பேர் எதுர்லயும் சொல்லணும்." சொல்லும்போதே அவள் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். "எப்டியா மூஞ்ச வெச்சிகினு நிப்பேன்."

பர்னபாஸ் ஈயத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் அவள் போனாள். இரவெல்லாம் தூறியிருந்தது, துறைமுகச் சாலை சேறும் செதிலுமாக வழுக்கியது. படகுகள் வந்திறங்கி ஏலம் சூடு பிடித்திருந்தது. ஐஸ் உடைக்கிற மிஷின் அலறியது. இத்தனை நாளில் தன் இடத்தில் எவளாவது உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள். உட்கார்ந்திருந்தால் நல்லது, எழுப்பக் கூடாது, தனக்கு அது வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

அவளுடைய இடத்தில் ஒரு கூடை கவிழ்ந்திருந்தது.

விளிம்பில் நீல நைலான் கயிறு சுற்றிய கூடை, சிலுவையுடையது. பக்கத்தில் சிலுவை ஈரச் சாக்கை விரித்து, கானாங்கத்தையை அதன்மேல் பரப்பி விற்றுக்கொண்டிருந்தாள். கூடை இல்லாததால் மீனில் மண் ஒட்டியது. ஒவ்வொன்றாகத் தண்ணீரில் அலசி அலசி வைத்தாள். நிமிர்ந்து சுகிர்தத்தைப் பார்த்தாள், மறுபடியும் அலசினாள்.

சுகிர்தத்துக்கு அந்தக் கூடைக்கு முன்னால் நிற்பதற்குப் பதில் கடலில் இறங்கிவிடலாம் போல இருந்தது. உட்கார்ந்தால் பேச வராது என்று நின்றபடியே பேசினாள். ஐஸ் மிஷின் நின்றதும் வரிசை முழுக்கக் கேட்டது.

"குப்பம்மாக்கா. போனு தப்பு பண்ல. அந்தப் பொண்ணும் பண்ல. தனி ஏவாரமான்னு கேட்டுச்சி, ஒத்தாசன்னு நான்தான் சொன்னேன். சிலுவ நம்பரு எங்கையில இருந்திச்சி, நான் குடுக்கல. அன்னிக்கிக் கூடத்துல சொன்னதும் பொய்யி."

பேரம் பேசிக்கொண்டிருந்த ஆள்கூட நிறுத்திவிட்டான். குப்பம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள்.

"எதுக்குடி சொன்ன?"

"பாயம்மா எதுர்ல ஐசு மீனுன்னு சொல்லிட்டா. அதான்."

"ஐசு மீனுதானடி அது?"

"ஐசு மீனுதான்."

குப்பம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "த்தூ" என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஆளை அனுப்பித் தேவப்பிரியத்தை வரவழைத்தாள். வந்த பெண்ணிடம், "கெயவி தெரியாம ஏசிட்டேன், மன்சுல வெச்சிக்காத கண்ணு" என்று குப்பம்மாவே சொன்னாள். வரிசையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சுகிர்தம் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

தேவப்பிரியம் போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். நேராகப் பார்க்கவும் என்றது போன். சுகிர்தம் பார்த்தாள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அதற்குள் தன் முகம் தெரிந்தது, உடனே குனிந்துகொண்டாள். முகம் தெரியவில்லை, நேராகப் பார்க்கவும். மறுபடி நிமிர்ந்தாள், மறுபடி தானாகக் குனிந்தது. போன் அதே குரலில், அலுக்காமல், திரும்பத் திரும்பச் சொன்னது. கண்ணடிக்கச் சொல்லுது என்று அன்றைக்குச் சிரித்த வரிசை சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் தேவப்பிரியமே அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். கண்ணைச் சிமிட்டவும் என்றது. சிமிட்டியதும் இரண்டு பக்கமும் தண்ணீர் வழிந்தது. டிங்.

அடுத்தது சிலுவை. கையைக் கழுவி, நெற்றியைத் துடைத்து, பாப்பா நம்பரைச் சொல்லி, ஒரே பார்வையில் நேராகப் பார்த்தாள். டிங். முந்தானையில் முடிந்திருந்த போனும் உடனே டிங் என்றது. கடைசியில் மிச்சமிருந்த இடம், கதவோரம், வெயில் அடிக்கிற இடம். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அவள் மீன் அலசப் போனாள்.

"என் கொழாயாண்ட எடத்த நீ எட்த்துக்கோடி. மாத்திக்கலாம்" என்றாள் சுகிர்தம்.

"எனுக்கு உட்டது எனுக்குப் போதும்."

"சிலுவ... எதுக்குடி எனுக்குக் கூட வெச்ச?"

சிலுவை கையிலிருந்த மீனைப் பார்த்தபடியே சொன்னாள். "வரலன்னா வெக்கறதுதான மொற. நீயும் வெச்ச. நான் ஊருக்குப் போவ சொல்ல மேல கூடய வெச்ச, கீய எடத்த எட்த்துகின. நான் கூட மட்டுந்தான் வெச்சேன். நிமித்திகினு ஏவாரத்தப் பாரு அக்கா, நேரமாவுது."

அக்கா என்றுதான் கூப்பிட்டாள். குரலில் பழைய அக்கா இல்லை.

சுகிர்தம் ஏலத்துக்குப் போய்ச் சங்கரா எடுத்து வந்தாள். அப்போதுதான் படகிலிருந்து இறங்கிய மீன், கண் பளபளவென்று இருந்தது. கூடையை நிமிர்த்தி, கழுவி, சிலுவையின் பக்கம் வைத்தாள். மீனிலிருந்து முதல் கைப்பிடியை, இரண்டு கையாலும், கை கொண்ட மட்டும் அள்ளி நீட்டினாள்.

சிலுவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஒரு கணம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய வீட்டுப் பை இருந்தது, வாய் திறந்துதான் கிடந்தது. அதில் போடவில்லை. குனிந்து சாக்கின்மேல், விற்கக் கூடாத அந்த மீனை விற்கிற மீனோடு, ஒரு ஓரமாகக் கூறு கட்டி வைத்தாள். வரிசையில் பார்க்காதவள் யாரும் இல்லை.

ஜஹானாரா வந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. சாக்கின் முன் குனிந்து அந்தச் சங்கராவைத் தொட்டாள்.

"இது யார் மீனு சிலுவ? உன்னாண்ட கானாங்கத்ததான கீது."

"எங்கக்காது பாயம்மா" என்றாள் சிலுவை. "இன்னிக்கி மீனு. பயப்படாம வாங்கிகினு போ."

ஐஸ் மீன் என்று சொல்லியிருந்தால் சுகிர்தம் தாங்கியிருப்பாள். ஜஹானாரா அந்தக் கைப்பிடி மீனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்ணாரப்பேட்டை ஆட்டோவைப் பார்த்து நடந்தாள். அவள் கூட்டத்தில் மறைகிறவரை சுகிர்தம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.